ரோமுக்கு முதல் பயணம், ஏழு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோம் போகப் போகிறேன் என்று யார் சொன்னாலும் எனக்குள் ஒரு உற்சாகம் வந்துவிடும். மூன்று முறை போயிருக்கிறேன். அதில் ஒரு முறை முழங்கால் வலியுள்ள 67 வயது அம்மாவோடு. நண்பர்களும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் நல்லது என்று தோன்றியது. விலைகள் அவ்வப்போது ஏறும், அதனால் பணம் கட்டும் முன் அந்தந்த இடத்தின் அதிகாரப்பூர்வத் தளத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏழு நாளும் ரோமிலேயா? அவ்வளவு தூரம் போய் வெனிஸ், பிளாரன்ஸ் எல்லாம் பார்க்காமல் வருவதா?

ஆமாம், ஏழு நாளும் ரோமிலேயே இருங்கள். முதல் முறை நான் அப்படிச் செய்யவில்லை. ஏழு நாளில் மூன்று ஊர் என்று திட்டம் போட்டேன். பெட்டியை அடுக்குவதிலும், ரயிலைப் பிடிப்பதிலும், புது ஓட்டலில் அறை கிடைக்கும் வரை காத்திருப்பதிலும் கிட்டத்தட்ட இரண்டு நாள் போய்விட்டது. ரோமுக்கு மிஞ்சியது இரண்டரை நாள். கொலோசியமும் வத்திக்கானும் பார்த்தேன், ஆனால் ரோமைப் பார்க்கவில்லை.

இந்த ஊர் அடுக்கடுக்காக இருக்கிறது. கொலோசியத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் சான் கிளெமெந்தே என்று ஒரு தேவாலயம் வரும். மேலே இருப்பது 12ஆம் நூற்றாண்டுக் கட்டடம். டிக்கெட் வாங்கிக்கொண்டு படி இறங்கினால் 4ஆம் நூற்றாண்டின் தேவாலயம். இன்னும் கீழே இறங்கினால் முதல் நூற்றாண்டின் சுவர்கள், மித்ரா என்ற தெய்வத்தை வழிபட்ட ஒரு சிறிய குகை போன்ற அறை, எங்கோ ஓடுகிற தண்ணீரின் சத்தம். இரண்டு தளம் இறங்குவதற்குள் ஆயிரம் வருடத்துக்கும் மேல் பின்னால் போய்விடுகிறோம். கையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பவர்களுக்கு இந்த இடமெல்லாம் வாய்க்காது.

எந்த மாதம் போகலாம்?

ஏப்ரல், மே, அக்டோபர். இவற்றில் என் தேர்வு அக்டோபர் கடைசி. ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும். நமக்கு வெயில் பழக்கம்தானே என்று நினைக்க வேண்டாம், நிழலே இல்லாத இடிபாடுகளுக்கு நடுவே நான்கு மணி நேரம் நடப்பது வேறு. தவிர, ஆகஸ்ட் 15ஐ ஒட்டி உள்ளூர்க்காரர்கள் விடுமுறைக்குப் போய்விடுவார்கள். நல்ல சிறு உணவகங்கள் பல பூட்டியிருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் குளிர் உண்டு, மழையும் வரும். ஆனால் கூட்டமும் அறை வாடகையும் குறைவு. ஸ்வெட்டரோடு நல்ல ஜாக்கெட்டும் இருந்தால் சமாளித்துவிடலாம்.

விசா எப்படி?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு என்றால் 90 நாள் வரை விசா தேவையில்லை. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், இரண்டு மாதமாவது மிச்சம் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவப் பயணக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், வேலை செய்யும் இடத்தின் விடுப்புக் கடிதம், தங்குமிடப் பதிவு எல்லாம் கேட்பார்கள்.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். விசா கைக்கு வரும் வரை பணம் திரும்பக் கிடைக்கிற அறையாகவே பதிவு செய்யுங்கள். என் உறவினர் ஒருவர் முகவர் பேச்சைக் கேட்டு, ரத்து செய்ய முடியாத அறைக்கு முழுப் பணமும் கட்டிவிட்டார். விசா தாமதமாகி அந்தப் பணம் அப்படியே போனது. 2025 அக்டோபர் முதல் ஐரோப்பிய எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதிவு செய்யும் முறை படிப்படியாக வந்திருக்கிறது, அதனால் இறங்கியவுடன் வரிசை நீளமாக இருக்கலாம்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் எப்படிப் போவது?

பெரும்பாலும் ஃபியூமிச்சினோ விமான நிலையத்தில்தான் இறங்குவீர்கள். லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ரயில் 32 நிமிடத்தில் டெர்மினி நிலையத்தில் விட்டுவிடும், ஒருவருக்கு 14 யூரோ. மூன்று நான்கு பேர் பெட்டிகளோடு போனால் டாக்சியே மேல். 3ஆம் நூற்றாண்டில் ஆரேலியன் பேரரசன் கட்டிய மதிலுக்குள் எங்கே போனாலும் 55 யூரோ என்று நிலையான கட்டணம் வைத்திருக்கிறார்கள். வெள்ளை டாக்சிகளை வரிசையில் நின்று பிடியுங்கள், உள்ளே வந்து ‘டாக்சி, டாக்சி’ என்று கூப்பிடுகிறவர்களோடு போகாதீர்கள். பதினேழு நூற்றாண்டுக்கும் முந்தைய மதில் இன்றைக்கும் டாக்சிக் கட்டணத்தைத் தீர்மானிப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

எந்தப் பகுதியில் தங்கலாம்?

வயதானவர்கள் கூட இருந்தால் பிராத்தி. வத்திக்கானுக்குப் பக்கம், தெருக்கள் அகலம், சமதரை, மெட்ரோவும் உண்டு. கொலோசியத்துக்கும் டெர்மினிக்கும் நடுவில் இருக்கிற மோந்தி பகுதி அழகானது, ஆனால் ஏற்ற இறக்கம் உண்டு. டெர்மினியைச் சுற்றி வாடகை குறைவு, போக்குவரத்து வசதி, நம் ஊர் மசாலாச் சாமான் கிடைக்கும் கடைகளும் பக்கத்திலேயே. தெருக்கள் அவ்வளவு பார்க்க நன்றாக இருக்காது, அவ்வளவுதான். திராஸ்தேவெரே மாலையில் போய் உட்கார அருமையான இடம். ஆனால் இரவு வெகுநேரம் சத்தம் இருக்கும், தங்குவதற்கு நான் சொல்ல மாட்டேன்.

அறையில் தண்ணீர் காய்ச்சும் கெட்டில் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், பல இடங்களில் இருப்பதில்லை. ஒரு சிறிய கெட்டிலும், இத்தாலிய பிளக்குக்கு ஏற்ற அடாப்டரும் எடுத்துக்கொள்ளுங்கள். கழிவறையில் பேப்பர் மட்டும்தானா என்று கவலைப்படுகிறவர்களுக்கு நல்ல செய்தி: இத்தாலியில் பெரும்பாலான குளியலறைகளில் கழுவிக்கொள்வதற்கென்றே ‘பிடே’ என்ற தனித் தொட்டி இருக்கும்.

எதையெல்லாம் முன்பதிவு செய்தே ஆக வேண்டும்?

மூன்றே மூன்று: கொலோசியம், வத்திக்கான் அருங்காட்சியகம், போர்கேசே கலைக்கூடம்.

கொலோசியம் டிக்கெட் 18 யூரோ. அதிலேயே பண்டைய ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரமும் பக்கத்திலுள்ள பாலத்தீன் குன்றும் சேர்த்தி, 24 மணி நேரம் செல்லும். சுமார் ஒரு மாதம் முன்பு இணையத்தில் விற்பனைக்கு வரும், சீக்கிரம் தீர்ந்துபோகும். டிக்கெட்டில் பெயர் இருக்கும் என்பதால் கடவுச்சீட்டையும் கொண்டுபோக வேண்டும். வத்திக்கானுக்கு இணையப் பதிவோடு சேர்த்து 25 யூரோ. போர்கேசேயில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு குழுவாகத்தான் விடுகிறார்கள், பதிவில்லாமல் நேரில் போய் நின்றால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். இந்த மூன்றுக்கும் தேதி கிடைத்த பிறகு மற்ற நாட்களை அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஏழு நாளை எப்படிப் பிரிப்பது?

முதலில் எந்தக் கிழமையில் எது மூடியிருக்கும் என்று பாருங்கள். போர்கேசே, பழைய துறைமுக ஊரான ஓஸ்தியா அந்திகா, ரோமின் தேசிய அருங்காட்சியகம் மூன்றுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிறு கிடையாது. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், அன்றைக்குக் கூட்டம் தாங்காது. புதன் காலையில் போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு இருந்தால் புனித பேதுரு பேராலயத்துக்குள் நுழைய முடியாது. மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களும் கொலோசியமும் இலவசம். பணம் மிச்சமாகும், ஆனால் நிம்மதியாகப் பார்க்க முடியாது.

போய் இறங்கிய நாளில் பெரிதாக எதையும் வைக்காதீர்கள். இந்தியா, இலங்கையோடு நேர வித்தியாசம் கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி. இரவு எட்டு மணிக்கே தூக்கம் தள்ளும். மாலையில் பியாத்சா நவோனாவிலிருந்து மெதுவாக நடந்து, பண்டைய ரோமானியக் கோயிலான பாந்தியோனின் வாசல் வரைக்கும், அங்கிருந்து திரெவி நீரூற்றுக்கும் போய்விட்டுத் திரும்புங்கள். நவோனா சதுக்கத்தின் நடுவில் பெர்னினி 1651இல் முடித்த நான்கு ஆறுகளின் நீரூற்று இருக்கிறது. கையில் நீண்ட துடுப்போடு ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். அவர்தான் நம் கங்கை. அங்கே கங்கையை ஆணாகச் செதுக்கியிருக்கிறார்கள்.

இரண்டாம் நாள் காலை முதல் நேரத்துக்கே கொலோசியம், அப்புறம் ஃபோரம். மூன்றாம் நாள் வத்திக்கான் மட்டும், வேறெதுவும் வேண்டாம். நான்காம் நாள் காலையில் போர்கேசே, மாலையில் தேவாலயங்கள். ஐந்தாம் நாள் ஊருக்கு வெளியே ஓஸ்தியா. ஆறாம் நாள் சான் கிளெமெந்தேயும் கப்பிட்டோலைன் அருங்காட்சியகமும். தெம்பிருந்தால் 118ஆம் எண் பஸ்ஸில் ஆப்பியா சாலை. அது கி.மு. 312இல் போட ஆரம்பித்த சாலை, பெரிய பெரிய கருங்கல் பாளங்கள், இரண்டு பக்கமும் பைன் மரங்கள். ஏழாம் நாள் காலியாக இருக்கட்டும். அதை நிரப்பிவிடாதீர்கள்.

ஃபோரத்தில் வெறும் உடைந்த கற்கள்தானே இருக்கிறது? போரடிக்குமா?

எதுவும் தெரியாமல் போனால் அப்படித்தான் இருக்கும். முதல் முறை எனக்கும் அப்படித்தான் இருந்தது. இரண்டாம் முறை செய்ததைச் சொல்கிறேன். உள்ளே போவதற்கு முன்பு கப்பிட்டோலைன் குன்றின் மேல் ஏறி, மாநகர மன்றக் கட்டடத்துக்குப் பின்பக்கம் போனேன். அங்கே நின்றால் ஃபோரம் முழுவதும் கீழே வரைபடம் போல விரியும், அதற்குக் காசும் கிடையாது. எது செனட் கட்டடம், எது வெற்றி வளைவு, எந்தத் தெரு வழியாக ஊர்வலம் வந்தது என்று மேலிருந்து ஒருமுறை பார்த்துக்கொண்டால், கீழே இறங்கியதும் கற்கள் பேச ஆரம்பிக்கும்.

ஒரு காலத்தில் இந்த இடம் முழுவதும் மண் மூடி, மேலே மாடு மேய்ந்துகொண்டிருந்தது. ‘மாட்டு மைதானம்’ என்றுதான் பெயரே. இன்று பார்க்கும் தரையைப் பிற்காலத்தில் தோண்டித்தான் எடுத்தார்கள். ஜூலியஸ் சீசரின் உடலை எரித்த இடத்தில் ஒரு சிறிய கூரை போட்டிருக்கிறார்கள், அதற்குள் மண்மேடு. யார் யாரோ வந்து இன்றைக்கும் அங்கே பூ வைத்துவிட்டுப் போகிறார்கள். நான் போன நாளிலும் வாடாத பூ கிடந்தது.

நம் ஊருக்கும் ரோமுக்கும் தொடர்பு இருந்ததாகச் சொல்கிறார்களே, அதை அங்கே பார்க்க முடியுமா?

முடியும், இதற்காகவே போகலாம் என்பேன். ஃபோரத்தில் மக்சென்சியஸ் மண்டபம் என்று வானளாவிய மூன்று வளைவுகள் நிற்கின்றன. அதன் அடியில் டொமிஷியன் பேரரசன் முதல் நூற்றாண்டில் கட்டிய மிளகுக் கிடங்கின் மிச்சம் இருக்கிறது. பேரரசின் தலைநகரில், முக்கிய வீதியின் ஓரத்தில், மிளகுக்கென்றே ஒரு கிடங்கு! அந்த மிளகு சேர நாட்டு முசிறியிலிருந்தும் அதைச் சுற்றிய துறைமுகங்களிலிருந்தும் போனது. யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதைச் சங்கப் பாட்டு சொல்கிறது. அதே நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி, ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயம் இந்தியாவுக்குப் போகிறதே என்று வருத்தப்பட்டு எழுதிவைத்தார். அந்த வணிகத்தில் வந்த ரோமானியக் காசுகள்தான் கரூரிலும் கோவைப் பக்கமும் மண்ணுக்குள்ளிருந்து கிடைக்கின்றன.

டெர்மினிக்கு எதிரே இருக்கிற பலாத்சோ மாசிமோவில், தேசிய அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவு கீழ்த்தளத்தில் இருக்கிறது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரோமானியக் காசு பார்த்தவர்கள் இதையும் போய்ப் பாருங்கள். மேல்தளத்தில் லிவியா அரசியின் வீட்டுச் சுவரில் இருந்த தோட்ட ஓவியத்தை ஒரு அறை முழுக்க வைத்திருக்கிறார்கள். மாதுளை, பறவை, இலை எல்லாம் இரண்டாயிரம் வருடம் கழித்தும் பச்சையாக இருக்கின்றன. கூட்டமே இருக்காது.

இன்னொரு தொடர்பு அண்மையது. கன்னியாகுமரி மாவட்டத்து தேவசகாயம் பிள்ளையை 2022 மே 15 அன்று புனித பேதுரு சதுக்கத்தில் புனிதராக அறிவித்தார்கள்.

வத்திக்கானில் எவ்வளவு நேரம் ஆகும்?

அருங்காட்சியகத்துக்கு மூன்று மணி நேரமாவது வேண்டும், பேராலயத்துக்குத் தனியாக ஒன்றரை மணி. தோளும் முழங்காலும் மறைகிற உடை கட்டாயம். புடவை, சுடிதார் என்றால் பிரச்சினையே இல்லை. அருங்காட்சியகத்தின் கடைசியில்தான் சிஸ்டைன் சிற்றாலயம். விதானத்தை மிக்கலாஞ்சலோ 1508இலிருந்து 1512 வரை வரைந்தார், பலிபீடச் சுவரிலுள்ள இறுதித் தீர்ப்பு ஓவியத்தை இருபத்து நாலு வருடம் கழித்து ஆரம்பித்தார். படம் எடுக்க அனுமதி இல்லை, அதுவும் நல்லதுக்கே. சுவரோரப் பெஞ்சில் இடம் கிடைத்தால் உட்கார்ந்து மேலே பாருங்கள், நின்றுகொண்டே பார்த்தால் கழுத்து வலி வந்துவிடும்.

பேராலயத்துக்குக் கட்டணம் இல்லை. மேலே கும்மட்டத்துக்கு ஏற 551 படி. லிஃப்டில் பாதி தூரம் போனாலும் மீதி 320 படியை ஏறித்தான் ஆக வேண்டும், அதுவும் கடைசியில் சுவர் சாய்ந்து குறுகலாக இருக்கும். அம்மாவைக் கீழே, இறந்த இயேசுவை மடியில் ஏந்திய மரியாளின் பியேத்தா சிலைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டுத்தான் நான் ஏறினேன். திரும்பி வந்தபோது, “மகனைப் பறிகொடுத்தவள் முகம் எப்படி இவ்வளவு சாந்தமா இருக்குப்பா?” என்று கேட்டார். எந்த வழிகாட்டிப் புத்தகமும் எனக்கு அந்தச் சிலையை இப்படிக் காட்டவில்லை.

காசு கொடுக்காமல் பார்க்கக்கூடியவை உண்டா?

ஏராளம். கரவாஜ்ஜோவின் ஓவியங்கள் மூன்று தேவாலயங்களில் இலவசமாகவே இருக்கின்றன. சான் லூயிஜி தேய் ஃபிரான்செசியில் புனித மத்தேயுவைப் பற்றிய மூன்று, சாந்தா மரியா தெல் போபொலோவில் இரண்டு, சாந்த் அகோஸ்தினோவில் ஒன்று. கொலோசியத்துக்குப் பக்கத்தில் சான் பியேத்ரோ இன் வின்கொலியில் மிக்கலாஞ்சலோவின் மோசே சிலை. சில இடங்களில் நாணயம் போட்டால்தான் விளக்கு எரியும், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: பல தேவாலயங்கள் மதியம் பன்னிரண்டரைக்கு மூடி, மூன்று மூன்றரைக்கு மேல்தான் மறுபடியும் திறக்கும்.

ஓஸ்தியாவுக்கு ஒரு நாள் ஒதுக்க வேண்டுமா? பொம்பெய் போகலாமே?

பொம்பெய்க்கு ரோமிலிருந்து போய்வர ஒரு நாள் முழுக்க ஓடும். ஓஸ்தியா அரை மணி நேரப் பயணம். மெட்ரோ பி வழித்தடத்தில் பிராமிடே நிலையத்தில் இறங்கி, பக்கத்திலேயே இருக்கும் போர்த்தா சான் பவோலோவில் ரயில் ஏறலாம். 100 நிமிடம் செல்லுபடியாகும் 1.50 யூரோ டிக்கெட்டே போதும்.

அது ரோமின் துறைமுக ஊர். ஆறு வண்டல் சேர்த்துச் சேர்த்துக் கடல் தள்ளிப் போய்விட, ஊர் கைவிடப்பட்டது. அடுக்குமாடி வீடுகள், சாப்பாட்டுக் கடையின் கல் மேடை, வரிசையாகத் துளையிட்ட பொதுக் கழிப்பறை, நாடக அரங்கு எல்லாம் அப்படியே நிற்கின்றன. அரங்குக்குப் பின்னால் வணிகர்களின் சதுக்கம் இருக்கிறது. ஒவ்வொரு வணிகக் குழுவும் தன் அலுவலகத்துக்கு முன்னால் தரையில் கறுப்பு வெள்ளைக் கற்களால் அடையாளம் பதித்திருக்கிறது. கப்பல், கலங்கரை விளக்கம், ஒரு இடத்தில் யானை. நிழலும் உண்டு, அமைதியும் உண்டு. மன்னர்களைவிட அன்றாடம் உழைத்துச் சாப்பிட்ட மனிதர்களைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களுக்குக் கொலோசியத்தைவிட ஓஸ்தியாதான் மனதில் நிற்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் சமாளிக்க முடியுமா?

தாராளமாக. துண்டு பிட்சா எல்லாத் தெருவிலும் கிடைக்கும், எடை போட்டுக் கொடுப்பார்கள். ரோமுக்கே உரிய பாஸ்தா காச்சோ எ பெப்பே: பாலாடைக்கட்டியும் மிளகும்தான், வேறொன்றும் இல்லை. கார்பொனாரா, அமத்ரிச்சானா இரண்டிலும் பன்றி இறைச்சி உண்டு. பொரித்த அரிசி உருண்டையான சுப்ளியிலும் வழக்கமாகக் கறி சேர்ப்பார்கள், பொரித்த பூசணிப்பூவுக்குள் நெத்திலி வைப்பார்கள். கேட்டுவிட்டு வாங்குங்கள். ‘சென்சா கார்னே’ என்றால் கறி இல்லாமல், ‘சென்சா பேஷ்ஷே’ என்றால் மீன் இல்லாமல். யூதர் குடியிருப்புப் பகுதியில் கூனைப்பூவை (ஆர்டிசோக்) முழுசாக எண்ணெயில் பொரித்துத் தருவார்கள், இதழ் இதழாக அப்பளம் போல நொறுங்கும். தூய சைவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: பெக்கொரீனோ போன்ற பாலாடைக்கட்டிகளில் ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் சேர்க்கிறார்கள்.

காபியை நின்றுகொண்டே குடித்தால் விலை குறைவு, மேசையில் உட்கார்ந்தால் கூடும். இரவுச் சாப்பாடு ஏழரைக்கு மேல்தான். அம்மாவுக்காகப் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோயிருந்தேன். நாலாம் நாள் எனக்கும் அது தேவைப்பட்டது.

தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம். தெருவெங்கும் சுமார் 2,500 இரும்புக் குழாய்கள், இரவும் பகலும் நல்ல குடிநீர் ஓடும். குழாயின் நுனியை விரலால் அடைத்தால் மேலே உள்ள சின்னத் துளை வழியாகத் தண்ணீர் பீறிட்டு வரும், வாய் வைத்துக் குடிக்கலாம்.

வயதானவர்களைக் கூட்டிப் போகலாமா?

போகலாம், வேகத்தைக் குறைத்தால் போதும். ஊர் முழுக்கச் சின்னச் சின்னக் கருங்கல் பதித்த தெருக்கள், செருப்பு வேண்டாம், அடிப்பாகம் தடித்த ஷூ போடுங்கள். கொலோசியத்தில் லிஃப்ட் உண்டு. பாலத்தீன் குன்றில் ஏற்றம் அதிகம், அதை விட்டுவிட்டோம். காலையில் ஒரு இடம், மதியம் அறையில் தூக்கம், மாலையில் ஒரு சதுக்கத்தில் உட்காருவது என்று வைத்துக்கொண்டதில் அம்மா என்னைவிட அதிகமாக ஊரைப் பார்த்தார்.

திருட்டு பயம்?

உடலுக்கு ஆபத்து என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பிக்பாக்கெட் நிஜம். டெர்மினியிலிருந்து வத்திக்கான் பக்கம் போகிற ஒரு நெரிசலான பஸ்ஸில் என் நண்பரின் பர்ஸ் போனது. கடவுச்சீட்டையும் ஒரு அட்டையையும் தனியாக உள்பையில் வைத்திருந்ததால் பயணம் தப்பியது. கையில் கயிறு கட்ட வருகிறவர்களிடம் கையை நீட்டாதீர்கள். காகித டிக்கெட்டை பஸ் ஏறியதும் இயந்திரத்தில் பதிவு செய்யுங்கள், மறந்தால் அபராதம். ஸ்பானியப் படிக்கட்டில் உட்கார்ந்தாலும் அபராதம் உண்டு.

காலியாக விட்ட அந்த ஏழாம் நாளில் என்ன செய்வது?

மறுபடியும் எதைப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறதோ அங்கே போங்கள். அம்மா பாந்தியோன் என்றார். உள்ளே போக 5 யூரோ. ஹாட்ரியன் காலத்தில் கட்டிய அந்தக் கும்மட்டத்தின் விட்டம் 43 மீட்டருக்கும் மேல், கம்பியே இல்லாத கான்கிரீட், உச்சியில் வானம் தெரிகிற வட்டத் திறப்பு. அன்றைக்கு மழை பெய்துகொண்டிருந்தது. திறப்பின் வழியாக மழை நேராக உள்ளே இறங்கி, பளிங்குத் தரையில் விழுந்து, தரையிலிருக்கும் சிறு துளைகளில் வடிந்துகொண்டிருந்தது. நடுவில் கயிறு கட்டி விட்டிருந்தார்கள். எல்லோரும் அதைச் சுற்றி நின்று, பேசாமல் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கு நினைவு வந்தது.